இழுத்தால் நிற்கும்

எங்கள் பட்டறைக்கு நாங்கள் வைத்த பெயர் இரு கை மோட்டார்ஸ். போர்டு எழுத வந்தவன் நடுவில் ஒரு 'க்' போட்டுச் சேர்த்து, 'இருக்கை மோட்டார்ஸ்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டான். சாயங்காலம் தேசப்பன் அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றான்.

"இன்னா அண்ணி இது? ரெண்டு கையால ஓட்டற வண்டின்னு பேர் வெச்சா, சோபா விக்கிற கட மாதிரி எழுதிக்கிறான்."

"அழிச்சி எழுதச் சொல்லு."

"பெயிண்ட் காஞ்சிபூட்ச்சி. இருக்கட்டும் வுடு, எப்படியும் உக்காந்துதான ஓட்டப்போறாங்க," என்றார் என் வீட்டுக்காரர் பீட்டர்.

பதினேழு வருஷம் அந்த போர்டு அப்படியே இருந்தது. மாதத்துக்கு ஒருவராவது உள்ளே வந்து, "லாரி சீட்டுக்கு ரெக்சின் போடுவீங்களா?" என்று கேட்பார்.

"இல்லப்பா. இது கால் வராதவங்களுக்குக் கார் செய்யற எடம்," என்பேன்.

வந்தவர் உடனே என் காலைப் பார்ப்பார்.

பீட்டரும் தேசப்பனும் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் ஒன்றாக வேலை செய்தவர்கள். கிரேனில் தொங்கிய கம்பிக் கட்டு அறுந்து விழுந்து பீட்டருக்கு இரண்டு காலும் முட்டிக்கு மேலே போய்விட்டன. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று கொடுத்தார்கள். ஒரு வாரம் அதைச் சுற்றினார். எட்டாம் நாள் தேசப்பன் பார்க்க வந்தபோது சொன்னார்:

"டேய், பின்னாடி வர்ற லாரிக்காரன் ஹாரன்கூட அடிக்க மாட்டேங்கறான்டா. பாவம்னு ஒதுங்கிப் போறான். நாலு பேரு என்னத் திட்டிக்கினு போற மாதிரி ஒரு வண்டி செஞ்சி குடு."

தேசப்பன் ஒரு பழைய சின்னக் காரை வாங்கி வந்து எங்கள் வீட்டுப் பின்னால் நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை. கீழே இருந்த மிதிகளை எல்லாம் மேலே கொண்டுவந்து, ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் ஒரே ஒரு இரும்புக் கம்பியில் சேர்த்துக் கட்டினான். அன்றைக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தேன்.

"அண்ணே, கம்பிய எப்படி வெக்கறது? தள்ளுனா நிக்கணுமா, இழுத்தா நிக்கணுமா?"

பீட்டர் யோசிக்கவே இல்லை. சின்ன வயதில் ஆண்டை வீட்டு மாட்டு வண்டி ஓட்டியவர். "கயித்த இழுத்தா மாடு நிக்கும். தள்ளி எவன்டா வண்டிய நிறுத்துவான்?"

தேசப்பனும் அதே களத்தில் வளர்ந்தவன். "அதான," என்றான்.

அவ்வளவுதான் நடந்தது. இழுத்தால் நிற்கும், தள்ளினால் போகும்.

முதல் நாள் பீட்டர் தனியாகப் பொன்னேரி வரை போய்விட்டு வந்தார். இறங்கும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னாங்க ஆச்சி?"

"ஒருத்தன் திட்டினான் ஹெலன். கண்ணு தெரியலயாடான்னான்."

அதைப் பார்த்துத்தான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தேசப்பன் ஆலை வேலையை விட்டான். புதுவாயல் கூட்டு ரோட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு ஷெட் பிடித்தோம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு வண்டி, சில வருஷம் மூன்று. பழைய காரை வாங்கி, எலும்பு வரைக்கும் உரித்து, வரப்போகிறவரின் உடம்புக்கு ஏற்றபடி திருப்பிக் கட்டுவோம். நான் அதற்கு முன் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் டெய்லர். அதனால் அளவெடுப்பது என் வேலை. தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து விரல், இடுப்பு அகலம், உட்கார்ந்தால் கண் எந்த உயரம். எல்லாம் ஒரு நோட்டில் எழுதுவேன். ஒருத்தருக்கு ஒரு பக்கம்.

வண்டி முடிந்ததும் தேசப்பன் தன் இரண்டு காலையும் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கவரப்பேட்டை வரை ஓட்டிப் போய்த் திரும்புவான். இது தவறவே தவறாது. ஒரு முறை போலீஸ்காரர் நிறுத்திக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாராம், "யோவ், உன்ன யாராவது கடத்திக்கினு போறாங்களா?"

"இல்ல சார், நானே கடத்திக்கினு போறேன்."

வண்டியைக் கொடுக்கும்போது, வாங்குகிறவரை மூன்று முறை சொல்ல வைப்பான்.

"இழுத்தா?"

"நிக்கும்."

"தள்ளுனா?"

"போவும்."

ஐந்து வருஷத்துக்கு முன் பீட்டர் சர்க்கரையில் இறந்தார். அவர் வண்டியைத் தேசப்பன் விற்கவில்லை. ஷெட் ஓரமாக நிறுத்தி, வாரம் ஒரு முறை ஓட்டி வைப்பான்.

முதலில் எங்களிடம் வந்தவர்கள் எல்லாரும் பீட்டரைப் போன்றவர்கள். போலியோ வந்தவர்கள், ரயிலில் கால் போனவர்கள். இடுப்புக்கு மேலே இரும்பு மாதிரி இருப்பார்கள். கையை ஊன்றி எழும்பி, காருக்குள் தாவி உட்காருவார்கள். தேர்வாய் கண்டிகையில் கம்பெனிகள் எழும்ப ஆரம்பித்த பிறகு வேறு மாதிரி ஆட்கள் வந்தார்கள். உயரத்திலிருந்து விழுந்தவர்கள். கால் இருக்கும், இடுப்பு இருக்கும். நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் தெரியாது.

அப்படி முதலில் வந்தவர்தான் பாக்கியநாதன். புதுவாயல் காலனிதான் அவர் வீடு. ஷெட் கூரைக்குத் தகடு அடிக்கும்போது முப்பது அடியிலிருந்து விழுந்தவர். நாற்பது வயது. அவர் மனைவி மேரி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பெஞ்சில் உட்கார வைத்து நான் டேப்பை எடுத்தேன். அவர் கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கினார். உடனே உடம்பு முன்னால் சாய்ந்தது. இடது கையால் அவர் நெஞ்சைத் தாங்கிக்கொண்டேன்.

"வுட்டா வுழுந்துடுவேன்க்கா. தலையாட்டி பொம்ம மாதிரி."

"அதான் புடிச்சிக்கினு இருக்கறேனே."

"இங்க நீங்க புடிக்கிறீங்க. காருக்குள்ள யாரு புடிப்பா?"

"சீட்டு புடிச்சிக்கும்," என்றேன்.

நோட்டில் அவர் பக்கத்தில் 'ஆள் பிடிக்கணும்' என்று எழுதினேன். சீட்டைப் பக்கவாட்டில் உயர்த்திக் கட்டும்படி தேசப்பனிடம் சொன்னேன். கட்டினான். பக்கத்தில் சாயாதபடி சீட்டு பிடித்துக்கொண்டது. முன்னால் சாய்வதைப் பற்றி அவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. காலைக் கட்டிக்கொண்டு கவரப்பேட்டை போய் வந்தான். நன்றாக நின்றது என்றான். அது முப்பத்தொன்றாவது வண்டி.

அதற்குப் பிறகு நோட்டில் 'ஆள் பிடிக்கணும்' என்று இன்னும் ஒரே ஒரு பக்கத்தில்தான் எழுதினேன். அது அஸ்வினி. பழவேற்காட்டில் மீன் பிடிக்கிற செங்கல்வராயனின் மகள். தேர்வாய் கண்டிகையில் குடோன் ரேக்கிலிருந்து விழுந்தாள், இருபத்திரண்டு வயதில். அதே கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று கொடுத்தார்கள். வீட்டிலிருந்து ரொம்ப தூரம். தினமும் தானே ஓட்டிப் போய் வந்தாள்.

போன ஆகஸ்டில் பாக்கியநாதன் இறந்துபோனார். கூட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம், முன்னால் போன லாரி நின்றது. அவர் வண்டி அதன் பின்னால் போய் முட்டியது. பட்டப்பகல், காலை ஒன்பது மணி.

அடக்கத்துக்குப் போனோம். ஆளுக்கு ஒன்று பேசினார்கள்.

"கால் வராதவனுக்குக் கார் எதுக்கு?"

"ஆசதான். வேற இன்னா."

"பொண்டாட்டியாவது சொல்லணும்ல, ஊட்ல கெடன்னு."

மேரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. எங்கள் பக்கம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டோம். போலீஸ் ஸ்டேஷனிலும் அவர் மேல்தான் தப்பு என்று எழுதி முடித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, நொறுங்கிய வண்டி எங்கள் ஷெட்டுக்கு வந்தது. தேசப்பன் ஒரு நாள் முழுக்க அதற்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தான். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் என்னிடம் வந்தான்.

"பிரேக் நல்லா கீது அண்ணி. வயரு எதுவும் அறுந்துபோவல. ஆனா கம்பி முழுசா முன்னால தள்ளிக் கெடக்குது. நிறுத்த வேண்டிய எடத்துல ஏன் தள்ளினான்?"

"பதறிட்டாரோ?"

"அத்த பாத்த கூட்டு ரோட்டு டீக்கடக்காரன் இன்னா சொன்னான் தெரியுமா? மொதல்ல வண்டி நிக்கத்தான் பாத்துச்சாம். வண்டி பின்னாடி சிவப்பு லைட்டு எரிஞ்சிச்சாம். அப்பறம் தானா சீறிக்கினு போச்சாம்."

எனக்கு அப்போது இடது உள்ளங்கையில் பாக்கியநாதன் நெஞ்சின் பாரம் தெரிந்தது. நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்து அவன் முன் வைத்தேன். அவன் படித்துவிட்டு, "அதான் சீட்ட ஒசத்திக் கட்னோமே," என்றான்.

"இப்படி வா."

பழகுவதற்கென்று ஒரு கம்பியை மேஜையில் பொருத்தி வைத்திருந்தோம். வாங்குகிறவர்கள் வண்டி வரும்வரை அதில்தான் கை பழகுவார்கள். ஆபீஸ் அறையில் இருந்த சக்கரம் வைத்த நாற்காலியை அதன் முன்னால் உருட்டி வைத்தேன்.

"உக்காரு. கம்பிய இழு."

உட்கார்ந்து இழுத்தான். கம்பி அவன் பக்கம் வந்தது. "இழுத்தா நிக்கும். இதுல இன்னா?"

"கால தூக்கிக்கினு இழு."

"இரு, துண்டால கட்டிக்கறேன்."

"கட்டாத. தூக்கு. தரையில படக்கூடாது."

காலைத் தூக்கிக்கொண்டு இழுத்தான். நாற்காலி உருண்டு மேஜையில் போய் இடித்தது. கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது. பின்னால் தள்ளி வந்து இன்னொரு தடவை இழுத்தான். மறுபடியும் இடித்தது.

"கம்பி என்கிட்ட வரல அண்ணி," என்றான் மெதுவாக. "நான்தான் கம்பிகிட்ட போறேன்."

அடுத்த தடவை அவன் இழுக்கும்போதே நான் பின்னாலிருந்து நாற்காலியைத் தள்ளினேன், ஓடுகிற வண்டி திடீரென்று நின்றால் உடம்பு எப்படிப் போகுமோ அப்படி. அவன் கை, உடம்பு எல்லாம் சேர்ந்து கம்பியை முன்னால் அடித்தன. 'டக்'கென்று கடைசி வரை போய் நின்றது.

அவன் எழுந்திருக்கவில்லை. கம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"பெல்ட்டு?"

"பழைய கார் பெல்ட்டு. முட்டினப்பறம் புடிக்கும். அதுக்கு முன்னாடி நாலு வெரல் சாய வுடும். அந்த நாலு வெரல் போதும்."

"பதினேழு வருஷமா கால கட்டிக்கினு ஓட்னேனே."

"கட்டின காலு சும்மா இருக்குமா தேசப்பா? கட்டினாலும் ஊனிக்கும். உனக்கே தெரியாம ஊனிக்கும்."

"அண்ணன் ஓட்னாரே. அவருக்குக் காலே இல்லியே."

"தொட இருந்துது, இடுப்பு இருந்துது. அவருக்குச் சரியாத்தான் இருந்துது. அவரு அவருக்குச் சொன்னாரு. ஊருக்கெல்லாம் சொல்லல."

தேசப்பன் நோட்டைத் திருப்பினான். அஸ்வினியின் பக்கத்தில் வந்து நின்றான்.

"இந்தப் பொண்ணு இப்ப எங்க?"

"கம்பெனியிலதான் இருக்கும். நாலு மணிக்கு விடுவாங்க."

போனை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான்.

"அஸ்வினி, அங்கிள் பேசறேன். வண்டிய சர்வீசுக்கு வுடணும்மா. இன்னிக்கே. அங்கியே நிறுத்திட்டு இரு, நான் வந்து எடுத்துக்கறேன்."

"வண்டி நல்லாத்தான அங்கிள் ஓடுது."

"ஒரு சின்ன செக்கப்பு."

"போன தடவ கூட சின்ன செக்கப்புன்னுதான் சொன்னீங்க. இருவது நாள் வெச்சிக்கினீங்க. இருவது நாள் நான் ஊட்ல படுத்து கூரை ஓட்ட எண்ணிக்கினு இருந்தேன். மாட்டேன் அங்கிள். பொங்கல் லீவுல பாத்துக்கலாம்."

"சொல்றத கேளும்மா."

"இன்னா கோளாறுன்னு சொல்லுங்க, தரேன்."

தேசப்பன் நோட்டை மூடினான். "மேடம் கூப்டறாங்க," என்று அவள் வைத்துவிட்டாள்.

"சொல்லியிருக்கலாம்ல," என்றேன்.

"சொன்னா முடிஞ்சிது அண்ணி. இன்னிக்கி அதுகிட்ட சொன்னா நாளைக்கி எல்லாருக்கும் சொல்லணும். ஆர்.டி.ஓ. ஆபீசருக்குச் சொல்லணும். ஷெட்டுக்கு சீல் வெப்பாங்க. எத்தினி பேரு காத்துக்கினு கீறாங்க, அவங்களுக்கு யாரு செஞ்சி குடுப்பா?" மேஜைக் கம்பியை ஒரு தடவை தள்ளிப் பார்த்தான். "அதுகூட பரவால்ல. மேரி காதுக்குப் போவும். உன் புருஷன் சாவலமா, நாங்க சாவடிச்சோம்னு வேற எவனோ போய்ச் சொல்லுவான்."

"எவனோ சொல்றதுக்கு முன்னாடி நாம போயிடலாம். மணி ரெண்டு ஆவுது. நாலு மணிக்குள்ள ரெண்டு எடத்துக்குப் போவணும். எழுந்திரு."

பீட்டரின் வண்டியில்தான் போனோம். வழியெல்லாம் தேசப்பன் கம்பியைத் தொடும்போதெல்லாம் கையைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

மேரி வீட்டில் இருந்தாள். அவளுக்குக் கம்பெனி கேன்டீனில் வேலை, அன்று லீவு. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சுவரில் பாக்கியநாதன் படம், அதன் கீழே மெழுகுவத்தி. நான் உட்கார்ந்தேன். தேசப்பன் உட்காரவில்லை.

"மேரி, பாக்கியநாதன் மேல தப்பில்ல."

"தெரியும்ண்ணே."

"வண்டி மேலதான் தப்பு. நான் செஞ்ச கம்பி மேல."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் இரண்டு கையாலும் காற்றில் கம்பியைப் பிடித்து, இழுத்தால் உடம்பு எப்படி முன்னால் போகும், போனால் கம்பி எப்படித் தள்ளும் என்று காட்டினான். மேரி முழுசாகக் கேட்டாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் ஒரு வேட்டி இருந்தது. பட்டையாக, நீளமாக மடித்துக் கசங்கிப் போன வேட்டி.

"இத்தாலதான் தெனம் கட்டுவேன்," என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "எத கட்டுவ?"

"அவர. சீட்டோட சேத்து, நெஞ்சோட. வண்டி வந்த மொத வாரமே சொன்னாரு, முன்னால சாயறேன் மேரி, ஒரு கட்டு போட்டு வுடுன்னு. தெனம் காலையில கட்டுவேன். அவரு வேலைக்குப் போற எடத்துல, கூட வேல செய்யறவரு அவுத்து வுடுவாரு."

"எங்ககிட்ட சொல்லலியேம்மா."

"சொல்லக்கூடாதுன்னாரு. சொன்னா, உனக்கு இந்த வண்டி ஆவாதுன்னு திருப்பிக் கேப்பாங்கன்னாரு." வேட்டியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே பேசினாள். "வுழுந்தப்பறம் நாலு வருஷம் நான்தான்க்கா அவரக் கேப்பேன், எங்க போவணும், இன்னா வேணும்னு. வண்டி வந்த அன்னிக்கி அவரு என்னக் கேட்டாரு. எங்க போவணும் மேரின்னு. அத்த எப்படித் திருப்பிக் குடுப்பாரு?"

வெளியே லாரி ஒன்று போய் முடிந்தது.

"அன்னிக்கி கம்பெனி பஸ் சீக்கிரம் வந்துச்சி. ஹாரன் அடிச்சிக்கினே இருந்தான். நீ போ, ஒரு நாள்தான, பரவால்லன்னாரு. நான் கட்டாம ஓடிட்டேன்." அவள் குரல் உயரவே இல்லை. "ஃபாதர்கிட்டகூட சொல்லலக்கா. சாமி முன்னாடி முட்டிகூடப் போட முடியல. இந்த வேட்டிய வெளிய எடுத்தா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னு பொட்டியில வெச்சி பூட்டிட்டேன்."

அடக்கத்தன்று அவள் ஏன் எங்களைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"கட்டறது உன் வேல இல்ல மேரி," என்றேன். "என் வேல. அவரு என்னக் கேட்டாரு, காருக்குள்ள யாரு புடிப்பான்னு. சீட்டு புடிச்சிக்கும்னு நான்தான் சொன்னேன்."

"நான் கட்டாதது தப்பில்லயா?"

"இல்ல," என்றான் தேசப்பன். "கட்டவே தேவயில்லாத மாதிரி நான் செஞ்சிருக்கணும். தள்ளுனா நிக்கற மாதிரி வெச்சிருந்தா, அவன் சாஞ்சாலும் வண்டி நின்னிருக்கும். தப்பு என்னுது."

மேரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே."

"தப்பு என்னுதும்மா. உன்னுது இல்ல."

அவள் வேட்டியை முகத்தில் வைத்துக்கொண்டாள். இரண்டு மாதத்து அழுகை. தேசப்பன் வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

கொஞ்ச நேரத்தில் அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "வேற யாராவது இப்படி ஓட்டறாங்களா?"

"ஒரு பொண்ணு. தேர்வாய் கண்டிகையில. வண்டிய குடுக்க மாட்டேங்குது."

"நெஜத்த சொன்னீங்களா?"

"செக்கப்புன்னு சொன்னேன்," என்றான் தேசப்பன்.

"போன் போட்டுக் குடுங்க."

மணி மூன்றேகால். அஸ்வினி எடுத்ததும், "அங்கிள், திரும்பவும் அதுவா?" என்றாள்.

"அங்கிள் இல்லம்மா. என் பேரு மேரி. பாக்கியநாதன்னு ஒருத்தர் உன்ன மாதிரியே வண்டி ஓட்னாரு, கேள்விப்பட்டிருப்ப. நான் அவரு சம்சாரம்."

"சொல்லுங்கக்கா."

"நீ ஓட்டும்போது முன்னால சாயறியா?"

சத்தம் இல்லை.

"நான் அவர தெனம் வேட்டியால கட்டி அனுப்புவேன். கட்டாத அன்னிக்கி போய்ட்டாரு. நீ எதுல கட்டற?"

அஸ்வினி சொன்னாள், "துப்பட்டால."

நானும் தேசப்பனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வண்டி போன இரண்டு வீட்டிலும் தெரிந்த விஷயம், செய்த எங்கள் வீட்டில் மட்டும் தெரியவில்லை.

"தெனம் கட்டுவியா?"

"லேட்டாச்சின்னா இல்லக்கா."

"இன்னிக்கி வண்டிய எடுக்காத. அவங்க ஒன்னும் புடுங்கிக்க மாட்டாங்க. நான் கூட வரேன். வர்ற வரிக்கும் சாவிய கையிலயே வெச்சிக்கினு உக்காந்திரு."

"சரிக்கா."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலு பத்து. கேட்டுக்கு வெளியே, வேப்ப மரத்துக்குக் கீழே அவள் வண்டி நின்றது. அவள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பச்சைத் துப்பட்டா நெஞ்சைச் சுற்றி சீட்டோடு முடிச்சுப் போட்டிருந்தது. சாவி மடியில். ஷிப்ட் முடிந்து பஸ்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. தேசப்பன் கண்ணாடிப் பக்கமாகக் குனிந்தான்.

"இழுத்தா நிக்கும்னு மூணு தடவ சொல்ல வெச்சீங்களே அங்கிள்."

"தப்பா சொல்லிக் குடுத்துட்டேம்மா."

அவள் எதிர்பார்த்தது அது இல்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "வண்டி எப்ப திரும்பி வரும்?" என்றாள்.

"பதினஞ்சு நாள்."

"அங்கிள்."

"கம்பிய மாத்தறது பதினஞ்சு நாள்தான். ஆனா உன் கை இழுக்கப் பழகிடுச்சி. ரோட்ல டக்னு நிறுத்தணும்னா கை பழசத்தான் செய்யும். அத்த மறக்க வெக்காம உன்ன அனுப்ப மாட்டேன். ரெண்டு மாசம் ஆவும்."

"ரெண்டு மாசம் வேலைக்குப் போவலன்னா எவன் வெச்சிக்குவான்? பஸ்ல என்ன யாரு தூக்கி ஏத்துவா?"

மேரி பின் சீட்டிலிருந்து இறங்கி வந்தாள். "எங்க ஊட்ல வந்து இரு. புதுவாயல்லேர்ந்து இங்க கிட்டதான். அண்ணன் காலையில கொண்டாந்து வுடுவாரு. படி எல்லாம் அவருக்காகச் சரிவா கட்டி வெச்சதுதான், சும்மாதான் கெடக்குது."

அஸ்வினி ரொம்ப நேரம் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு தேசப்பன் கையில் கொடுத்தாள். அவளை நானும் மேரியுமாகத் தூக்கிப் பக்கத்து சீட்டுக்கு மாற்றினோம். தேசப்பன் ஓட்ட உட்கார்ந்தான். பழக்கத்தில் தோளிலிருந்து துண்டை எடுத்துக் காலுக்குக் குனிந்தான். பாதியில் நிறுத்தினான். அந்தத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். பீட்டரின் வண்டியை வாட்ச்மேனிடம் சொல்லி அங்கேயே விட்டுவிட்டு, நானும் மேரியும் பின்னால் ஏறிக்கொண்டோம்.

மறுநாளிலிருந்து தேசப்பன் எல்லாருக்கும் போன் செய்தான். மொத்தம் முப்பத்து நாலு வண்டி. சிலர் உயிரோடு இல்லை. சிலர் திட்டினார்கள். ஒருத்தர், "பன்னண்டு வருஷமா நல்லா ஓட்றேன், என் வண்டிகிட்ட வந்தா கைய ஒடிப்பேன்," என்றார். அவருக்கு இடுப்பு நன்றாக வேலை செய்யும். ஒரு நெஞ்சுப் பட்டை மட்டும் தைத்து அனுப்பினேன், போட்டுக்கொண்டார். ஆபீசருக்கும் எழுதிக் கொடுத்தோம். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏன்யா, கேஸே முடிஞ்சிபோச்சே. யாரும் கேக்கலியே உங்கள."

"ஒரு அம்மா கேட்டாங்க சார்," என்றான் தேசப்பன்.

புது வண்டி செய்யக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஷெட்டில் பாதி உரித்து நின்ற மூன்று கார்களையும் பழைய இரும்புக்காரன் கொண்டுபோனான். மெஷின்கள் போயின. மேஜையும், அதில் பொருத்திய கம்பியும், என் தையல் மிஷினும் இருந்தன. போர்டு இருக்கிறது. போன வாரம்கூட ஒருவர் வந்து லாரி சீட்டுக்கு ரெக்சின் போடுவீர்களா என்று கேட்டார். உட்காரச் சொல்லி, எந்தக் கலர் என்று கேட்டேன்.

அஸ்வினி முதலில் மேஜைக் கம்பியில் பழகினாள். தேசப்பன் அதைத் தள்ளினால் நிற்கும்படி திருப்பி வைத்திருந்தான். மேரி எதிரே உட்கார்ந்து காய் அரிந்துகொண்டே, எதிர்பாராத நேரத்தில் "நில்லு" என்பாள். கை இழுக்கும். "செத்தோம்," என்பாள் அஸ்வினி. மறுபடியும். ஒரு மாதம் அப்படித்தான். பிறகு ஷெட்டுக்குப் பின்னால் காலி மனையில் வண்டியை மெதுவாக ஓட்டினாள், நெஞ்சில் நான் தைத்த பட்டை. பக்கத்தில் மேரி. அவள் அந்த சீட்டில் முதல் நாள் ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஏறினாள்.

எழுபத்து மூன்றாம் நாள், ஒரு நாய் குறுக்கே ஓடியது. நாங்கள் யாரும் ஏற்பாடு செய்ததல்ல. மேரி வாயைத் திறப்பதற்குள் வண்டி நின்றுவிட்டது. அஸ்வினியின் கை முன்னால் நீண்டு, கம்பியைத் தள்ளிக்கொண்டு இருந்தது. உடம்பு பட்டையில் நின்றது. தேசப்பன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, போய் கேட்டைத் திறந்துவிட்டான்.

வண்டி ரோட்டுக்கு வந்து நின்றது. நான் கேட் ஓரமாக இருந்ததால் காதில் விழுந்தது.

"எங்க போவணும்க்கா?" என்று அஸ்வினி கேட்டாள்.

மேரி மடியில் கையை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கல்லறைக்கு," என்றாள். "மெதுவா போ."